பக்கத்து வகுப்புப் பாடம்

ஐந்தாம் வகுப்பை நான் ஐந்து வருடம் படித்தேன். ஃபெயிலாகி அல்ல, எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் அமைப்பு அப்படி. பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில், ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம். அதற்குள் ஐந்து வகுப்பு. ஐந்துக்கும் சேர்த்துப் பெரிய வாத்தியார் ஒருவர், டீச்சர் ஒருவர். ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்த அன்றே ஐந்தாம் வகுப்புப் பாடம் காதில் விழத் தொடங்கிவிடும். தடுக்கச் சுவரும் இல்லை, தட்டியும் இல்லை. ஒவ்வொரு வகுப்பையும் ஒவ்வொரு திசை பார்த்து உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். முகத்துக்கு நேரே சொந்த வகுப்பு, முதுகுக்குப் பின்னால் நாலாம் வகுப்பு.

ஆசிரியர் இரண்டு பேர் என்பது பதிவேட்டுக் கணக்கு. நடப்பில் ஒன்றரைதான். பெரிய வாத்தியாருக்கு வாக்காளர் பட்டியல் வேலை வரும், ஒன்றிய அலுவலகத்தில் மீட்டிங் வரும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிய பிறகு, இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தலை எண்ணிச் சொல்வதும் அவர் தலையில் விழுந்தது. பதினொன்றரை மணிக்குச் சாம்பார் கொதிக்கும் வாசம் வந்துவிட்டால் ஐந்து வகுப்புக்கும் அது ஒன்றே பாடம்.

இந்த ஏற்பாட்டில் அவரவர் வகுப்புப் பாடம் அவரவருக்கு ஏறாது. பக்கத்து வகுப்புப் பாடம் பச்சை மரத்தில் ஆணியாக இறங்கும். காரணம் எளிது. நம் பாடத்தில் வாத்தியார் கேள்வி கேட்பார். பக்கத்துப் பாடத்தில் கேட்க மாட்டார். அடி வாங்கப்போவது அடுத்தவன் என்று தெரிந்தால் எந்தப் பாடமும் சுவையாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் ஏபிசிடி மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம். மூன்றாம் வகுப்பு எம் எழுத்தில் தடுக்கி நிற்கும்; ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் பின்னாலிருந்து இஸட் வரைக்கும் ராகம் போட்டு முடித்துவிடும்.

கலப்படம் பரீட்சைத் தாளில் தெரியும். இதயத்தின் அறைகள் எவை என்ற கேள்விக்கு எங்கள் செட்டில் ஒருவன் எழுதினான்: இதயத்தில் நான்கு அறைகள் உண்டு, அவை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். அன்றைக்குக் கூடத்தின் அந்தப் பக்கம் அறிவியல், இந்தப் பக்கம் தமிழ். எண்ணிக்கை சரிதானே என்று டீச்சர் அரை மார்க் போட்டார்.

எங்கள் அப்பாருவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“ஏனுங் வாத்தியாரே, பூமி சுத்துதுன்னு பையன் சொல்றானுங்க. நம்ம பூமி நாலு ஏக்கராவும் வெச்ச எடத்துலதான் கெடக்குது. ரண்டாம் வாய்ப்பாடு கேட்டா மட்டும் பதினாலுக்கு மேல முழிக்கறான்.”

“பூமி சுத்தறது அஞ்சாங்கிளாஸ் பாடமுங்க. அவனுக்கு நான் அதை நடத்தவே இல்லீங்க.”

“அப்படியா சமாச்சாரம்? நீங்க நடத்தாததெல்லாம் தெரியுது, நடத்துனது தெரியலைங்களா?” அப்பாரு கொஞ்சம் யோசித்தார். “அப்பச் செரி. நாளையிலிருந்து இவனுக்கு ஒண்ணுமே நடத்தாதீங்க.”

பெரிய வாத்தியார் சிரிக்கவில்லை. மறுநாள் ஐந்தாம் வகுப்பை எழுப்பி நிறுத்தி இரண்டாம் வாய்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வைத்தார். பெரிய பையன்களுக்கு மானம் போயிற்று. எங்களுக்கோ, யாரும் நடத்தாத பாடம் என்பதால், வாரக் கடைசிக்குள் முழுதாக வந்துவிட்டது. கல்வியியலில் இதற்குப் பெயர் இருக்கலாம். எங்கள் ஊரில் வாத்தியார் தந்திரம் என்றார்கள்.

மூன்றாம் வகுப்புச் சமூகவியலில் அவரவர் மாவட்டமே தனிப் புத்தகம். கோயம்புத்தூர் மாவட்டத்தைப் படிக்கிறவன் கழித்தல் கணக்கும் தெரிந்தவனாக இருக்க வேண்டும். 1979-ல் ஈரோட்டுப் பக்கம் பிரிந்து பெரியார் மாவட்டம் ஆனது. காங்கயம் அதோடு போயிற்று, பல்லடம் கோவையில் நின்றது. எங்கள் சோளக்காடு ஒரு மாவட்டம், மாமன் காடு இன்னொரு மாவட்டம். லீவுக்கு வந்த மாமன் மகன், தன் மாவட்டத்தில் பவானிசாகர் அணை இருப்பதாக மார் தட்டினான். நான் ஆழியாறைக் காட்டினேன். இரண்டும் செல்லவில்லை. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறந்து இரண்டு பேரையும் ஒரே பட்டியில் அடைத்தது. இப்போது எங்கள் இருவருக்கும் பொதுவாக அமராவதி அணை.

கோவை நகரத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு பெருமை உண்டு. சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்தது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கிறது என்பது வரைக்கும் பாடம் சொன்னது. திருப்பூர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் அது என்ன நிறம் என்று பாடம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அன்றைக்கு எந்தச் சாயப்பட்டறை எந்தச் சாயத்தைத் திறந்துவிட்டதோ அந்த நிறம். பனியன் நகரத்துப் பிள்ளைகளுக்கு வண்ணங்களின் பெயரை ஆறே சொல்லிக் கொடுத்தது. உயர் நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் அந்தப் பாடம் நின்றது.

அறிவியலில் எங்களை யாரும் அசைக்க முடியாது. காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பு நிறத்தில் இருக்கும், ஆறேழு மாதத்தில் வெளுத்துச் சாம்பலாகும். புத்தகம் திறப்பதற்கு முன்பே கட்டுத்தரையில் பார்த்த விஷயம் இது. சுகாதாரம் மட்டும் கொஞ்சம் தகராறு. பல் துலக்க வேண்டும் என்று அரசாங்கம் இலவசமாகப் பல்பொடி கொடுத்தது. இனிப்பாக இருந்தது. அது பல்லைத் தாண்டி வயிற்றுக்குள் போய்விட்டது. இந்தப் பாடத்தில் ஐந்து வகுப்பும் ஒற்றுமையாக ஃபெயில்.

பெரிய வாத்தியாரின் பீரோவில் தடித்த புத்தகங்கள் சில இருந்தன. குழந்தைகள் கலைக்களஞ்சியம். கரையான் வந்துவிடும், கை அழுக்குப் பட்டுவிடும் என்று பூட்டியே வைத்திருப்பார். அதிகாரி வரும் நாளில் மட்டும் மேஜைக்கு வரும். அதைச் செய்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரியசாமித் தூரன், அவினாசிலிங்கத்தின் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர். அந்தக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக இருந்து முடித்தார். சும்மா இருக்க முடியாமல் பிள்ளைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி, 1968 முதல் 1976 வரை. வாத்தியாராக இருந்தவருக்குத்தான் இப்படியொரு பொறுமை வரும் என்று நினைக்கிறேன். கலைக்களஞ்சியத்தில் பாடம் பாடமாகப் பிரித்து வைப்பதில்லை. அகர வரிசை. விலங்கியலை உரசிக்கொண்டு வரலாறு உட்காரும், அதற்குப் பின்னால் வேதியியல். எங்கள் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசையும் ஏறக்குறைய அதுதான். என்ன, தூரன் அதை யோசித்துச் செய்தார்.

என் தங்கை மகள் நகரத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாவது படிக்கிறாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மிஸ், ஒரு நோட்டு, ஒரு பிரவுன் அட்டை, அதன்மேல் ஒரு லேபிள். “மாமா, ஒரு லிட்டர் பால்ல எத்தனை டம்ளர் காப்பி வரும்?” என்று கேட்டாள். கணக்குப் போட்டுச் சொன்னேன். “இல்ல மாமா, இது மேத்ஸ் நோட்டுல எழுதறதா, இவிஎஸ் நோட்டுல எழுதறதா?” அவளுடைய அம்மா பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். இரவு ஒன்பது மணிக்கு இவிஎஸ் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் பால் தோய்ந்து தயிராகிவிட்டது.

அரசுப் பள்ளிகள் மட்டும் சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்கின்றன. செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வைத்தார்கள். அட்டைகளை எடுத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் போகச் சொன்னார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று நிலையும் இருக்கிறது, ஒருவர் பாடம் மற்றவர் காதில் விழுகிறது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. நாங்கள் அரும்பாக இருந்தபோதே மலரின் பாடத்தை ஒட்டுக் கேட்டவர்கள். எங்களுக்கு அதை ஒட்டுக் கேட்பது என்றார்கள், இவர்களுக்குக் கையேடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை வைத்து ஆள் குறைந்த பள்ளிதான் நல்ல பள்ளி என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் கூடத்தில் நான் ஒட்டுக் கேட்டுத் தேறினேன். ஒட்டுக் கேட்கவும் தெரியாமல், சொந்தப் பாடமும் கிடைக்காமல், மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவர்களும் அதே கூடத்தில்தான் இருந்தார்கள். டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அன்று முழுக்க ஐந்து வகுப்பும் சிலேட்டில் எழுதியதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தோம்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. ஐந்தை இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வரும் என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. அந்த மீதி வகுப்புக்கு யார் பாடம் எடுப்பது என்று சட்டத்தில் எழுதவில்லை.