நிட்டிங்குக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். பி.எஸ்.6 டீசல் பி.எம்.டபிள்யூ. 320டி ஒன்று இரண்டாம் கையாக வருகிறது, வாங்கலாமா?

பதில்: செங்கற்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியில் 2007 முதல் உருவாகிவரும் வம்சத்தைச் சேர்ந்த இவ்வாகனம், 1,995 சி.சி. எஞ்சினிலிருந்து 190 குதிரைத்திறனையும், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்த மாத்திரத்திலேயே முதுகை இருக்கையோடு அணைக்கும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் வழங்கும் உத்தமமான சிருஷ்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இதன் புகைக்கரி வடிகட்டியானது, நெடுந்தூரம் ஓடி உஷ்ணம் ஏறினாலன்றித் தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்காது. நிட்டிங் பட்டறைக்கும் காம்பாக்டிங் பட்டறைக்கும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அதற்கு மூச்சடைக்கும். வாரந்தோறும் கோயமுத்தூர், கொச்சி என்று பிரயாணம் செய்கிறவரானால் தாராளமாக வாங்குங்கள். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவரானால், நூலின் கவுண்ட் பார்த்துத் துணி பின்னவைக்கும் தாங்கள், ஓடும் தூரம் பார்த்துப் பெட்ரோல் வண்டியையே தேர்வதுதான் விவேகம். எதுவாயினும் முன்பணம் கொடுக்குமுன், நான்கு பேரை ஏற்றி, உங்கள் தெரு வேகத்தடையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். அடிவயிறு தாழ்ந்த ஜாதி இந்த பி.எம்.டபிள்யூ.