வாத்தைச் சுட ஒரு டாலர்

1931-ல் ஐதராபாத் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கப் பறவையியலாளர் சாலிம் அலி வந்தார். கையில் நோட்டுப்புத்தகம், தோளில் துப்பாக்கி. அந்தக் காலத்தில் ஒரு பறவை இன்னதென்று அடித்துச் சொல்ல, முதலில் அதை அடித்துக் கீழே போட வேண்டும். விஞ்ஞானம்! நிஜாம் அரசு இதற்குப் பணமும் கொடுத்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னொரு துப்பாக்கிக்காரர் வாத்துகளுக்காக வயிறெரிந்துகொண்டிருந்தார். ஜே நார்வுட் டார்லிங், கார்ட்டூனில் போடும் கையெழுத்து 'டிங்'. கல்லூரியில் பேராசிரியர்களைப் பாலே ஆட்டக்காரிகளாக வரைந்து, கொஞ்ச காலம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. பிறகு அதே குறும்பைப் பத்திரிகையில் சம்பளத்துக்குச் செய்தார். 1924-ல் புலிட்சர் பரிசே கொடுத்துவிட்டார்கள்.

அவரிடம் அடிக்கடி அடிவாங்கியவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1934-ல் ரூஸ்வெல்ட் அவரையே கூப்பிட்டுக் காட்டுயிர்த் துறைக்குத் தலைவராக்கினார். பதவி கொடுத்தால் வாய் மூடும் என்பது நம்மூர்க் கணக்கு மட்டுமில்லை போலிருக்கிறது.

வாய் மூடவில்லை. வறட்சியில் சதுப்புநிலங்கள் காய்ந்து, மிச்சத்தையும் வடித்து வயலாக்கி, வாத்துகள் அருகிக்கொண்டிருந்தன. அந்த வருஷமே ஒரு சட்டம் வந்தது: வாத்து சுட வேண்டுமா, ஒரு டாலருக்கு ஸ்டாம்ப் வாங்கு. அந்தப் பணத்தில் வாத்துகளுக்கு நிலம். சுடுகிறவனே வாத்துக்கு வீடு கட்ட வேண்டும்! டிங் மாதிரிக்கென்று கிறுக்கித் தந்த படமே முதல் ஸ்டாம்ப் ஆனது.

டிங் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. செனட்டர் பீட்டர் நார்பெக் பேசுவது சாதாரணமாகவே லேசில் பிடிபடாது. ஒருநாள் சபையில் பல்செட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்து, காட்டுயிருக்கு அறுபது லட்சம் டாலர் கேட்டாராம். என்ன கேட்டார் என்று யாருக்கும் புரியவில்லை. திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு எல்லாரும் 'சரி' போட்டுவிட்டார்கள். மீன்பிடிக்கக் கிளம்பும் அவசரத்தில் ரூஸ்வெல்ட்டும் கையெழுத்துப் போட்டார். நாடாளுமன்ற வரலாற்றில் பல்லில்லாத வாய் சாதித்தது இவ்வளவு வேறெங்கும் இருக்காது.

டிங் இரண்டு வருஷம்கூட அந்த நாற்காலியில் இருக்கவில்லை. ஸ்டாம்ப் இன்றும் விற்கிறது. விலை இப்போது 25 டாலர்.

நம் நாட்டில் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று காட்டு வாத்தைச் சுட்டால் ஸ்டாம்ப் கிடையாது, கம்பிதான். ஐதராபாத் வாத்துகளுக்கு இனி துப்பாக்கி பயமில்லை. ஏரியில் மண்ணடிக்கும் லாரிதான் பயம். அமீன்பூர் ஏரியை மட்டும் 2016-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். கார்ட்டூனிஸ்டுகளே, அந்தப் பக்கம் ஒருநாள் போய்வாருங்கள். அரசு கூப்பிட்டுப் பதவி கொடுத்தால், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.