லெம்பாவும் லாம்டாவும்

லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஹேஸ்கல் நிரல்மொழி எதற்குங்க?

பாதி மொழி உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறதே! மலாயில் லெம்பா என்றால் பள்ளத்தாக்கு. ஹேஸ்கலின் அடித்தளம் அலோன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா கணிதம். லாம்டாவை எழுதிப் பாருங்கள், மலைச்சரிவு தெரியும்.

முழு எண்ணைத் தசம எண்ணாக ஹேஸ்கல் தானாகவே மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

கொழுந்து குறையும்! நீங்கள் எடுத்தது 30 கிலோ. கிராணி உங்களைக் கேட்காமலே அதை 30 கட்டி என்று பதிந்துவிட்டால்? ஒரு கட்டி 604.79 கிராம்தான், கிட்டத்தட்ட 12 கிலோ உழைப்பு போச்சு. அதனால்தான் எண்ணின் வகையை மாற்ற 'ஃப்ரம்இன்டெக்ரல்' என்று உங்கள் கையாலேயே எழுதச் சொல்கிறது ஹேஸ்கல்.

கம்பைலரின் ஆப்டிமைசேஷன் நிரலின் வேகத்தைக் கூட்டும், சரி. விடையையுமா மாற்றும்?

மாற்றும். ஃப்ளோட், டபுள் இரண்டும் தசம எண் வகைகள். ஃப்ளோட் முடிவிலியை 'ரியல்டுஃப்ராக்' கொண்டு டபுளாக்குங்கள். ஹேஸ்கலின் ஜிஹெச்சி கம்பைலர் ஆப்டிமைசேஷன் இல்லாமல் சும்மா ஓடினால் பின்னத்தின் வழியே சுற்றிப் போகும். பின்னத்தில் முடிவிலிக்கு இடமில்லை. 2-இன் 128ஆம் அடுக்கு, 39 இலக்க எண்ணாக வந்து நிற்கும். ஆப்டிமைசேஷனைப் போட்டால் குறுக்குப்பாதை. முடிவிலி முடிவிலியாகவே இறங்கும்.

சம்பளமோ மருந்தளவோ கணக்கிடும் நிரலை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் குறுக்குப்பாதையை வெட்டுவது யார்?

'ரூல்ஸ்' என்ற குறிப்பில் எழுதும் விதிகள். நீங்களும் எழுதலாம். விதியின் இரு பக்கமும் ஒரே டைப்தானா என்று ஜிஹெச்சி பார்க்கும். விடை ஒன்றுதானா என்பது உங்கள் பொறுப்பு.