வாய்க்குள் ஒரு ஜாக்கி

லாரி டயர் பஞ்சரானால் அடியில் வைத்துத் தூக்குவார்களே ஜாக்கி, அதன் கடைக்குட்டித் தம்பியை 1860-இல் ஒரு பல் டாக்டர் ஒரு சிறுமியின் வாய்க்குள் வைத்துத் திருகினார். ஊர் சான் பிரான்சிஸ்கோ. தங்கம் தேடிப் போனவர்களால் பெருத்த ஊர். மலையையே பிளந்து பழகியவர்களுக்கு மத்தியில் மேல்தாடை எம்மாத்திரம் என்று நினைத்தாரோ என்னவோ. டாக்டரின் பெயர் எமர்சன் ஏஞ்சல்.

சிறுமிக்குப் பதினாலரை வயது. பற்களெல்லாம் கல்யாணப் பந்திக்கு முந்தியவர்கள் மாதிரி முண்டியடித்து நின்றன. இலை போட இடமில்லை. இப்படி வந்தால் ஓரிருவரை எழுப்பி வெளியே அனுப்புவது, அதாவது பல்லைப் பிடுங்குவது, எளிய வழி. ஏஞ்சலுக்கு அதில் இஷ்டமில்லை. பந்தலையே அகலமாக்கினால் என்ன என்று யோசித்தார்.

அதற்கு வசதியாக உடம்பிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. மேல்தாடை ஒரே எலும்பல்ல. இடது, வலது என்று இரண்டு. அண்ணத்தின் நடுவில் இரண்டும் சேரும் கோட்டுக்கு மருத்துவத்தில் பெயரே தையல்தான். சின்ன வயதில் அந்தத் தையல் இறுகியிருக்காது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும்போது, “உள்ளே துணி விட்டுத் தைங்க, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்” என்று அம்மாக்கள் டெய்லரிடம் சொல்வதில்லையா? பிரம்மா ஏற்கெனவே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறார். ஏஞ்சல் செய்தது பிரிக்கிற வேலை.

அண்ணத்தின் குறுக்கே திருகை மாட்டி, சாவியைச் சிறுமியின் கையிலேயே கொடுத்து, தளராமல் முடுக்கிக்கொண்டே இரு என்று அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் மேலே இருந்த இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் பளிச்சென்று ஓர் இடைவெளி. எலும்பே விலகினால்தான் இப்படி ஆகும் என்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார்.

பிலடெல்பியாவில் வெளியான ‘டென்டல் காஸ்மாஸ்’ கட்டுரையைப் போட்டது. ஆனால் ஆசிரியர் மெக்குயிலன், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தன் சந்தேகத்தையும் சேர்த்தே போட்டார். நம் ஊரில் மொய் எழுதிவிட்டு, “சாப்பாடு சுமார்தான்” என்று சொல்லிவிட்டுப் போகும் பெரியப்பா மாதிரி. முகத்து எலும்புகளெல்லாம் ஒன்றோடொன்று பூட்டிக் கிடக்கும்போது அண்ணம் மட்டும் எப்படிப் பிரியும் என்பது அவர் கட்சி. நேரில் போய்ச் சிறுமியை “ஆ” காட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிலடெல்பியா பக்கமிருந்து கலிபோர்னியாவுக்கு ரயில் தொடர்பு வந்ததே 1869-இல்தான். ஒரு பல் இடுக்கைப் பார்க்க யார் கப்பலேறுவார்கள்? எக்ஸ்ரே எடுத்து முகத்தில் வீசலாம் என்றால், அது கண்டுபிடிக்கப்பட இன்னும் 35 வருஷம் பாக்கி. ஏஞ்சலின் சாட்சி ஒரு சிறுமியின் சிரிப்பு மட்டுமே. அது எடுபடவில்லை.

அடுத்து வந்தவர் எட்வர்ட் ஆங்கிள். ஏஞ்சல் போய் ஆங்கிள். கோணல் பல்லை நிமிர்த்தும் துறைக்குக் கோணம் என்ற பெயரிலேயே ஒரு பிதாமகர். 1899-இல் உலகத்துக் கோணல் கடியையெல்லாம் மூன்றே வகுப்பாகப் பிரித்தார்; இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. 1900-இல் செயின்ட் லூயிஸில் இதற்கென்றே பள்ளிக்கூடம் தொடங்கினார். பெரிய மேதை, அதற்கேற்ற முன்கோபம். முப்பத்திரண்டு பல்லும் கடவுள் கொடுத்தது, ஒன்றைக்கூடப் பிடுங்கக் கூடாது என்பது அவர் வேதம். பல்லை விரித்து வைத்தால் எலும்பு தானே பின்னால் வளர்ந்து வரும், தையலைப் பிரிக்கிற வேலையெல்லாம் எதற்கு என்று அவர் பக்கத்தார் ஜாக்கியை ஓரங்கட்டினார்கள். அழகான முகத்துக்கு அவர் எடுத்துக்காட்டிய முன்மாதிரி வாடிகனில் நிற்கும் அப்போலோ சிலை. பளிங்குச் சிலை, பல்லைக் காட்டாது. உள்ளே பல் வரிசை எப்படி என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

1930-இல் ஆங்கிள் காலமானார். அவருடைய பிரிய சிஷ்யர் சார்லஸ் ட்வீட் கொஞ்ச நாள் வேதப்படியே நடந்து பார்த்தார். நிமிர்த்திய பற்கள் பல பேருக்கு மறுபடி கோணிக்கொண்டன. சிலருக்கு வாய் முன்னால் துருத்திக்கொண்டது. மனசாட்சி உறுத்த, அவர்களையே திரும்ப அழைத்து, காசு வாங்காமல் நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி சரிசெய்தார். 1940-இல் அப்படி நூறு பேரின் கணக்கைச் சபையில் வைத்தார். குருத்துரோகம்தான், ஆனால் சாட்சிகள் வாயோடு வந்திருந்தார்கள்.

ஜாக்கிக்கு நல்ல காலம் 1961-இல் பிறந்தது. ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்கர் முதலில் பன்றிகளுக்கு வைத்துப் பார்த்தார். பிறகு மனிதப் பிள்ளைகளுக்கு வைத்து, எக்ஸ்ரேயோடு அச்சிலேற்றினார். தையல் பிரிகிறது, மூக்கின் உட்பக்கமும் சேர்ந்து அகலமாகிறது, பிரிந்த இடத்தில் புது எலும்பு வந்து நிரம்புகிறது. ஏஞ்சல் சொன்னதேதான். நூற்றியொரு வருஷம் தாமதம்.

தாடையை அகலப்படுத்தியாயிற்று, பல்லை எதைப் பிடித்து இழுப்பது? அதுவரை ஒவ்வொரு பல்லுக்கும் உலோகப் பட்டை, பீப்பாய்க்குப் பூண் கட்டுவது போல. சிரித்தால் பல்லுக்குப் பதில் தகரக் கடை தெரியும். பட்டையைக் கழற்றினால் அது இருந்த இடமெல்லாம் சந்து.

விமோசனம் பெயின்ட் அடிப்பவர்கள் வழியாக வந்தது. உலோகத்தில் பெயின்ட் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவது தொழிற்சாலை வழக்கம். ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் அதைப் பல்லில் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலம், 30 வினாடி. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்தன, அம்மி கொத்தினதுபோல. பசை அந்தக் குழிகளில் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1955-இல் இதை எழுதினார். அவர் வேலை பார்த்த நிலையம் ஈஸ்ட்மன் பணத்தில் எழுந்தது. ஆமாம், கோடாக் கேமரா ஈஸ்ட்மன். ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தவர் பல்லுக்கும் செலவழித்தது நியாயம்தானே.

பத்து வருஷம் கழித்து, 1965-இல், நியூ ஜெர்சியின் ஜார்ஜ் நியூமன் எபாக்சி பசையால் பிராக்கெட்டை, அதாவது கம்பி மாட்டும் சின்னத் துண்டை, நேராகப் பல்லிலேயே ஒட்டிக் காட்டினார். பூண் கட்டும் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது ஆராய்ச்சித் திருவிழா. எந்தப் பசை எவ்வளவு பலம்? ட்வீட் வழியில் பிடுங்கப்பட்ட முன்கடைவாய்ப் பற்கள் ஆய்வகம் வந்து சேர்ந்தன. ஆங்கிள் ஜெயித்திருந்தால் இந்த ஆராய்ச்சிக்குப் பல்லே கிடைத்திருக்காது. அது போதாதபோது மாட்டுப் பல்லும் வந்தது. பிராக்கெட்டை ஒட்டி, இயந்திரத்தில் மாட்டி, பிய்யும்வரை தள்ளுவார்கள். எவ்வளவு பலம் இருந்தால் போதும் என்று 1975-இல் ரெனால்ட்ஸ் என்பவர் 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கல் என்று தோராயமாகச் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், தாத்தா சொன்ன மருந்து மாதிரி எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1984-இல் பிராக்கெட் பிய்ந்த பிறகு பல்லில் எவ்வளவு பசை மிச்சம் என்பதற்கு மதிப்பெண் போடும் முறையும் வந்தது: ஒன்றுமில்லை என்றால் 0, முழுசும் இருந்தால் 3.

இயந்திரத்தில் ஒரே ஒரு குறை. அது முறுக்கு தின்பதில்லை, சூடான காபிக்கு மேல் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை, எச்சிலும் ஊறாது. அதனால்தான் அசல் பரீட்சை வாய்க்குள் நடக்கிறது. ஒரே வாயில் இடப்பக்கம் ஒரு பசை, வலப்பக்கம் வேறு பசை. எந்தப் பக்கம் எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி முடிவு செய்வார்கள். வலப்பக்கமே மெல்லுகிற ஆசாமிகள் உண்டே. பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து, எத்தனை பிராக்கெட் கழன்றது என்று எண்ணுவார்கள்.

என் அக்கா மகளுக்கும் இந்த ஜாக்கியை வைத்தார்கள். சாவி போட்டுத் திருகும் உத்தியோகம் என்னுடையது. கால் சுற்றுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். இரண்டு வாரத்தில் அதே முன்பல் இடைவெளி. “சந்துப் பல்லு அதிர்ஷ்டம்டி” என்றாள் பாட்டி. “காசு கொடுத்து வாங்கின அதிர்ஷ்டம்” என்றாள் அக்கா. இடைவெளி கொஞ்ச நாளில் தானே மூடிக்கொண்டது. பிறகு பிராக்கெட் ஒட்டினார்கள். மூன்றாம் மாதம் ஒரு துண்டு கடலை மிட்டாயோடு ஒரு பிராக்கெட் கையில் வந்தது. “மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி மறைத்தால் திட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போய் என்ன தின்றோம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 1860-இல் ஒரு சிறுமியின் வாயைப் பார்க்காமல் விட்டதற்கு உலகம் ஒரு நூற்றாண்டு அபராதம் கட்டியிருக்கிறது. கடலை மிட்டாயைக் கொஞ்ச நாளைக்கு ஒளித்து வையுங்கள்.