வீசைக்கு மிகாத மடிக்கணினி: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

வீசையின் மிகாஅது வீடுறை சார்ஜரொடு
மாலை காறும் நிற்பதே மடிக்கணினி என்ப.

இந்த நூற்பாவை எந்தச் சுவடியிலும் தேட வேண்டாம். உரை எழுத ஒரு மூலம் வேண்டுமே என்பதற்காக உரைகாரரே இயற்றிக்கொண்டது. பிற்காலத்தில் யாராவது இதைப் பழம்பாடல் என்று மேற்கோள் காட்டினால் அதற்கு இவர் பொறுப்பல்லர், மறுக்கவும் மாட்டார்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை எந்த மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

'வீசையின் மிகாஅது' என்றது எடை வரம்பு கூறியவாறு. வீசையாவது நாற்பது பலம். ஐந்து சேர் என்றாலும் ஒக்கும். இன்றைய கணக்கில் 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. கிலோவும் கிராமும் 1958-லேயே கடைக்கு வந்துவிட்டனவே, வீசை எதற்கு எனின், மடிக்கணினியின் வரலாறு வீசையில்தான் நேராக நிற்கிறது. 1981-இல் அமெரிக்காவில் 'தூக்கிச் செல்லும் கணினி' என்று விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 என்பதன் எடை 11 கிலோ. அதாவது ஒரு மணங்குக்குச் சற்றே குறைவு. ஐந்து அங்குலத் திரை, உள்ளே பேட்டரி கிடையாது. தூக்கிக்கொண்டு போகலாம், போன இடத்தில் பிளக் இருக்க வேண்டும். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் பழுப்புக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டிய மேக்புக் ஏர் 1.36 கிலோ. நிறுத்துப் பார்த்தால் வீசைக்கு ஒரு பலம் குறைவு. 27 ஆண்டில் மணங்கு வீசையாயிற்று. கலிஃபோர்னியாக்காரர்கள் வீசைக்கல்லை மேஜையில் வைத்துக்கொண்டுதான் வடிவமைத்தார்கள் என்பது இவ்வுரைகாரரின் துணிபு. இதற்குச் சான்று கேட்பவர்கள் தமிழின் தொன்மையை அறியாதவர்கள்.

அதன்பின் எல்ஜி நிறுவனம் கிராம் என்றே பெயர் சூட்டி 14 அங்குலக் கணினியை 980 கிராமில் கொண்டுவந்தது. ஜப்பானில் ஃபுஜிட்சு 634 கிராமில் ஒன்றைச் செய்தது. பதினெட்டுப் பலம்! அரை வீசைகூட இல்லை. இவையெல்லாம் நூற்பாவில் அடங்கும். நம் பட்ஜெட்டில் அடங்கா.

அற்றேல், 2011 முதல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் வீசையில் அடங்கினவோ எனின், பலவும் அடங்கா. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மரபன்று என்று விடுக்க.

இனி, 'மிகாஅது' என்று அளபெடுத்துக் கூறியது ஓர் எச்சரிக்கை. கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். '1.2 கிலோ முதல்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடை வாசலில் '199 முதல்' என்று தொங்குமே, அதே 'முதல்'தான். அந்த 1.2 என்பது எல்லாவற்றையும் குறைத்து எடுத்த மாடலின் எடையாக இருக்கும். பெரிய பேட்டரி, தொடுதிரை என்று நாம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க முள் ஏறும்.

'வீடுறை சார்ஜரொடு' என்பதே இந்நூற்பாவின் உயிர்நிலை. மடிக்கணினியை மட்டும் நிறுத்து விலை பேசுவோர் பலர். சார்ஜரை நிறுப்பவர் இல்லை. கேமிங் மடிக்கணினியின் சார்ஜர் மட்டுமே அரை வீசையைத் தொடும். கனத்த கேபிளும், சுவரில் மாட்டும் மூன்று முள் பிளக்கும் அதில் சேர்த்தி. இதைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போனால் செருகுவது எங்கே? எண்பது பேர் உட்காரும் அறையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் புரொஜெக்டர். கடைசி பெஞ்சுக்காரனுக்கு மின்சாரம் என்பது காதால் கேட்ட செய்தி. ஆகவே சார்ஜர் வீட்டிலேயே உறைக. வீடு என்றது உபலக்கணத்தால் விடுதி அறையையும் தழுவும். எடுத்துப்போயே தீர வேண்டும் என்பார்க்கு, டைப்-சி வழியே ஏறும் மடிக்கணினியும், போனுக்கும் அதற்கும் பொதுவான 65 வாட் சிறிய சார்ஜரும் பரிகாரம்.

'மாலை காறும் நிற்பதே' என்றது பேட்டரி. நிறுவனம் சொல்லும் மணிக்கணக்கு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்தது. நம் பிள்ளை ஒரே வீடியோவோடு நிற்பதில்லை. மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நம்புக.

'என்ப' என்றார், என்பவர் யாவர் எனின், மூவர். அப்பா, "கனமா இருந்தாத்தான்பா நாள்பட வரும்" என்பார். அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் சித்தப்பா, "மேக் வாங்கிடு, வேற எதையும் பார்க்காதே" என்பார். பணம் பற்றி அவர் உரை மௌனம் சாதிக்கும். மூன்றாமவர் சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைக்காரர். "கேமிங் எடுங்க சார், நாலு வருஷம் அசையாது." பையனுடைய முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு அவர் சொல்வது அது. மூவர் உரையும் பொருந்தா.

ஆயினும் புறனடை ஒன்று உண்டு. மெக்கானிக்கல் படிப்பவர்க்கு வேண்டிய சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். சித்தப்பா உரை அங்கே அடிபடும். ஆர்க்கிடெக்சர், விஸ்காம் பிள்ளைகளுக்குத் தனி கிராஃபிக்ஸ் சிப் தேவைப்படும். இவர்களுக்கு ஒன்றரை வீசை வரை மன்னிப்பு. பி.காம். மாணவருக்கு அந்த மன்னிப்பு இல்லை. மற்றொன்று: மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி வாங்கி இரண்டாம் ஆண்டில் வருந்துவதைவிட 16 ஜிபி வாங்குக.

இனி ஒரு தடை. 600 கிராம் குறைப்பதற்காக ஒருவர் 30,000 ரூபாய் கூடக் கொடுத்தார் என்று கொள்வோம். கிராமுக்கு 50 ரூபாய். அதே பையில் அம்மா வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எவர்சில்வர் பாட்டிலின் எடை தனி. அடுக்கு டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்குத் தனி அடுக்கு. தண்ணீரை அரை லிட்டராகக் குறைத்தால் 25,000 ரூபாய் மிச்சமன்றோ?

எனின், அற்றன்று. தண்ணீர் குடிக்கக் குடிக்கக் குறையும். தயிர்சாதம் ஒரு மணிக்குத் தீர்ந்துவிடும். மாலை நாலரைக்கு, பஸ் ஃபுட்போர்டில் ஒற்றைக்கால் வைத்து நிற்கும்போது, காலையில் இருந்த எடையிலேயே இருப்பது மடிக்கணினி ஒன்றுதான். மேலும், 2018-இல் மத்திய அரசு விடுத்த சுற்றறிக்கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பைக்கு 1.5 கிலோ என்றும் பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ என்றும் வரம்பு வைத்தது. கல்லூரிக்கு வரம்பே சொல்லவில்லை. சிறு குழந்தையின் மொத்தப் பைக்கு அரசு வைத்த அளவும் நாம் மடிக்கணினிக்கு வைத்த வீசையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது, இந்நூற்பா வழுவிலது என்பதற்குப் போதிய சான்று.

ஆதலின் வாசகர் செய்யத்தக்கது இது. கடையில் கணினியின் மூடியை ஒரு விரலால் திறந்து பாருங்கள். அடிப்பாகமும் கூடவே எழுந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு சார்ஜரையும் சேர்த்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தராசு இல்லை என்பார் கடைக்காரர். பக்கத்து மளிகைக்கடையில் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.