லயத்தில் ஜாஸ்

கேள்வி: எனக்கு ஜாஸ் என்றால் உயிர். நண்பர்களோ இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். யாருடைய இசையைப் போட்டால் உட்காருவார்கள்?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளையின் இசையைப் போடுங்கள், எழுந்தவர்களும் உட்காருவார்கள்! வயலின் கலைஞர் எல். சங்கரைச் சொல்கிறேன். அவருடைய அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். கித்தார் ஜான் மெக்லாலின், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சங்கர் வாசித்த குழு 'சக்தி'. 1975இல் மேடையில் பதிவான அவர்களின் முதல் இசைத்தட்டில் 'ஜாய்' என்ற உருப்படி 18 நிமிடம் ஓடும். பயப்படாதீர்கள். தோட்டத்தில் வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்புச் சத்தத்தில் கண்விழித்த பரம்பரை நாம். காமன் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்த சனத்துக்கு 18 நிமிடம் எம்மாத்திரம்? கடம் வேகமெடுக்கும்போது மட்டும் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். ஆட்களை விரட்டுவது பெரும்பாலும் அதுதான்.

அடுத்து அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன். 1963இல் தம் குழுவோடு இலங்கைக்கும் வந்தவர். அந்தச் சுற்றுப்பயணத்தின் விளைவுதான் 'ஃபார் ஈஸ்ட் சூட்' இசைத்தட்டு. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைக் கொஞ்சம் பொறுத்துப் போடலாம். முதல் நாள் ஒரே ஓர் உருப்படி போதும். அடுத்ததை அவர்கள் வாயாலேயே கேட்க விடுங்கள்.