அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க

முந்தாநாள் என் கத்தியின் முனை போய்விட்டது. உடைந்த துணுக்கு பால்பவுடர் டின் மூடியின் இடுக்கில் இன்னும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நெம்பியவர் என் மைத்துனர். "இவ்ளோதானா அத்தான் உங்க கத்தி?" என்று கேள்வி வேறு. டின்னைத் திறக்க ஸ்பூன் என்று ஒன்று உலகத்தில் உண்டு. அதுவும் அதே மேடையில், அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அது காய்கறிக் கத்தி இல்லை. குலதெய்வம் கோயில் கிடாவெட்டுக்கென்று கொல்லுப்பட்டறையில் சொல்லி, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கிய தோலுரிக்கிற கத்தி. நல்ல கத்தி எது, எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன்.

முதலில் நீளம். நாலு அங்குலம் தாராளம். ஆன்லைனில் வேட்டைக் கத்தி என்று முதுகில் ரம்பப் பல்லும் கைப்பிடிக்குள் திசைகாட்டியும் வைத்து விற்கிறார்களே, அதை மறந்துவிடுங்கள். இந்த நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அந்தக் கத்தியை வாங்கிய வீரர்கள் எல்லாரும் அதை வைத்து ஆப்பிள்தான் நறுக்குகிறார்கள்.

அடுத்து வாய். தோலுரிக்கிற கத்திக்கு வாய் வளைந்திருக்க வேண்டும். நேர்வாயாக இருந்தால் முனை போய்க் குத்தும், தோல் ஓட்டையாகும். எங்கள் கோயிலில் உரிக்கிற பெரியவரிடம் பார்க்க வேண்டும். கிடாவைப் பின்னங்காலில் தொங்கவிட்டு, மூட்டைச் சுற்றி ஒரு கீறல், தொடையின் உள்பக்கம் ஒரு கோடு, வயிற்றில் மேலிருந்து கீழே ஒரு கோடு. கத்திக்கு வேலை முடிந்தது. அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டு இடித்து இடித்து இறக்குவார். சட்டையைக் கழற்றுவதுபோல் வந்துவிடும். கத்தியால் சுரண்டிச் சுரண்டி உரிப்பவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். கீறல் விழுந்த தோலுக்கு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் விலையைக் குறைத்துத்தான் போடுவார்கள்.

இனி பராமரிப்பு. இங்கேதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

நம் ஆட்கள் கையில் கத்தி கிடைத்ததும் முதலில் கட்டைவிரலை வைத்துத் தடவுவார்கள். தடவிவிட்டு, "மொக்கையா இருக்கே" என்பார்கள். சவரம் செய்யலாம் போன்ற கத்தியாக இருந்தாலும் தீர்ப்பு அதுதான். பிறகு டம்ளரைக் கவிழ்த்து அதன் அடியில் ஒரு தேய்ப்பு, அம்மிக்கல்லில் ஒரு தேய்ப்பு, வாசற்படி சிமென்ட்டில் ஒரு தேய்ப்பு. தீட்டுக்கல் என்று ஒன்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கிறது.

தேய்த்து முடித்ததும் வேலை ஆரம்பம். எதையாவது வெட்டுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கூரியர் பார்சலின் டேப்பைக் கிழிப்பார்கள், பசை அலகில் ஒட்டும். பசையை எடுக்க மண்ணெண்ணெய். அந்த மண்ணெண்ணெய்க் கத்தியால் பாதி மாத்திரை. மிக்ஸி அடியில் ஸ்க்ரூ கழன்றால் கத்தி. கேஸ் சிலிண்டர் மூடியின் பிளாஸ்டிக் சீலுக்குக் கத்தி. தேங்காய்ப் பத்தையை ஓட்டிலிருந்து நெம்பக் கத்தி. புது எவர்சில்வர் பாத்திரத்தின் ஸ்டிக்கரைச் சுரண்டக் கத்தி. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் அறுக்கக் கத்தி, அறுத்த கையோடு துடைக்காமல் வண்டியின் மேலேயே வைப்பதற்கும் அதே கத்தி. பிறந்தநாள் கேக்கோடு வந்த பிளாஸ்டிக் கத்தி அறுக்காது என்று தெரிந்ததும், "அந்த ஆட்டுக் கத்திய எடுத்துட்டு வா" என்று ஒரு குரல். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறது. ஃப்ரீசரில் ஐஸ் இறுகிப்போனால் கத்தியால் குத்துவார்கள். குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் முழுக்கப் போய், மெக்கானிக் வந்து பில் போட்ட பிறகு, "கத்தி ரொம்பக் கூரா இருந்துச்சு" என்று குற்றத்தைக் கத்திமேலேயே போடுவார்கள். அதுவரை மொக்கையாக இருந்த கத்தி!

இத்தனையும் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், சண்டை வருமாம். கீழே வைப்பார்கள். வைப்பது கருங்கல் மேடையில், வாய் படும்படி, ணங்கென்று. சண்டை அப்போதுதான் வருகிறது.

ஆயுத பூஜையன்று அதற்கு மரியாதையே வேறு. அலகு நெடுக ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். மறுநாள்வரை எடுக்கக் கூடாது. எவர்சில்வராக இருந்தால் தாங்கும், இரும்பு தாங்காது. காலையில் சந்தனப் பொட்டுக்கு அடியில் அதே அளவில் துருப் பொட்டு. தேய்த்தால் துரு போகும், பள்ளம் போகாது.

துருப்பிடித்தால் தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கலாம் என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்கள் அவசரப்படுத்தினால் அவர் அழுத்திப் பிடிப்பார். தீப்பொறி பறக்கும், குழந்தைகள் கைதட்டும், வாயோரத்தில் நீலம் ஓடும். நீலம் ஓடிய இடத்தில் சூட்டில் பதம் போய்விட்டது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கைப்பிடியைப் பற்றியும் எஃகைப் பற்றியும் சொல்ல வந்தேன். இடம் இல்லை. சுருக்கமாக: ரத்தம் காயுமுன் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். தோலுறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருப்பிடிக்க விடும்.

அதைவிட முக்கியம், அறுபது ரூபாய்க்கு ஒரு எவர்சில்வர் கத்தி வாங்கி, சமையல் மேடையில் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டுவிடுங்கள். நல்ல கத்தியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி எங்கே என்று மைத்துனரிடம் சொல்லாதீர்கள்.